கடைக்காரன் கண்ட சிறுத்தை

போன கோடையில் நடந்தது இது. லண்டன் நோர்பரியில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் நான், பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாகக் கடையை விட்டுவிட்டு, கிழக்கு ஆப்பிரிக்காவில் ஒரு தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் சொகுசு விடுதியில் மூன்று நாள் தங்கினேன். எங்கள் இருபத்தைந்தாவது திருமண நாளுக்கு மகள் தந்த பரிசு. கடையை மனைவியின் தம்பியிடம் ஒப்படைத்தேன் என்று பேர்தான். கடையின் எட்டுக் கமராவும் என் போனில் தெரியும்.

மனைவிக்கு ஒரே ஒரு ஆசை, சிறுத்தையை நேரில் பார்க்க வேண்டும். கடை வேலை முடிந்து வந்து, டிவியில் காட்டு விலங்குகளைப் பார்த்தபடியே தூங்கிவிடுகிற ஆள் அவள். விடுதி வாசலில் குளிர்ந்த துவாய் நீட்டி வரவேற்றார்கள். அதை முகத்தில் ஒற்றிக்கொண்டு சின்னப்பிள்ளை போலச் சிரித்தாள். நான் வைஃபை பாஸ்வேர்ட் கேட்டேன்.

இரண்டாம் நாள் மாலை, ஜீப் ஒரு மேட்டில் ஏறியபோது போனுக்கு சிக்னல் கிடைத்தது. எல்லாரும் காட்டைப் பார்க்க, நான் கடையைப் பார்த்தேன். பிரீசர் கதவு ஆவென்று திறந்து கிடந்தது! உடனே மச்சானுக்குப் போன் அடித்தேன்.

"டேய், உந்தப் பிரீசர் கதவு திறந்து கிடக்குது, ஓடிப்போய்ப் பூட்டடா!"

நான் கத்திய அந்த நொடியில்தான் பாதையோரப் புல்லுக்குள்ளிருந்து ஒரு சிறுத்தை தலையை நீட்டியதாம். என் சத்தத்துக்கு ஒரே பாய்ச்சல். மனைவி கண்டது வால் நுனியை மட்டும்தான். ஐஸ்கிரீமும் தப்பியது, சிறுத்தையும் தப்பியது. ஜீப்பில் இருந்த எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

விடுதியில் எங்களுக்கு அறையாகத் தந்திருந்த கூடாரத்துக்கு வந்த பிறகுதான் அவள் வாய் திறந்தாள்.

"இஞ்சாருங்கோ, பத்தொன்பது வருசம் அந்தக் கடைக்குக் குடுத்தியள். மூண்டு நாள் எனக்குத் தர ஏலாதோ?"

சண்டை பிடித்திருந்தால் நானும் பதில் சொல்லியிருப்பேன். அவள் மெதுவாகக் கேட்டாள்.

மறுநாள் காலை கடைசிச் சுற்று, மத்தியானம் விமானம். போனை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டி, சாவியை அவள் கையில் கொடுத்தேன். "உண்மையாவோ?" என்றாள். "ஓம், உண்மையாத்தான்" என்றேன். அவள் நம்பவில்லை, ஆனாலும் சாவியை வாங்கிக் கைப்பைக்குள் வைத்தாள்.

இரண்டு மணி நேரம் சுற்றினோம். யானை வந்தது, வரிக்குதிரை வந்தது. அவள் தேடியது வரவில்லை. இருபது வருடம் அந்தக் காட்டில் திரிந்த வழிகாட்டியே கையை விரித்துவிட்டு வண்டியைத் திருப்பினார். "பரவாயில்லை" என்றாள் அவள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கையில் போன் இல்லை. கடையில் காசு வாங்கும் டில்லுக்குப் பின்னால் நின்று செய்வதையே அங்கும் செய்தேன், சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். களவெடுக்க வருகிறவன் சாமானைப் பார்க்க மாட்டான், என்னைத்தான் பார்ப்பான். அந்தப் பார்வை மேலே பட்டால் எனக்குத் தெரிந்துவிடும். அங்கேயும் அப்படி ஒன்று பட்டது. திரும்பினேன். ஒரு கறையான் புற்றின் நிழலுக்குள் இரண்டு கண்கள்.

இந்த முறை கத்தவில்லை. வழிகாட்டியின் தோளைத் தொட்டுக் காட்டினேன். அவர் தொலைநோக்கியில் பார்த்துவிட்டு, இல்லை என்று தலையசைத்தார். நான் விடவில்லை, விரலை இறக்காமல் பிடித்திருந்தேன். மறுபடி பார்த்தார். முகம் மலர்ந்தது.

சிறுத்தை எழுந்து வந்தது. பின்னால் ஒரு குட்டி! இரண்டும் அவசரமே இல்லாமல் ஜீப்பைக் கடந்து நடந்தன. மனைவி என் கையை நெரித்த நெரிப்பில் விரல்கள் சிவந்துபோயின. அழுதுகொண்டே சிரித்தாள். எனக்கு உலகத்தையே வென்றது போலிருந்தது.

என்ன வேலை செய்கிறீர்கள் என்று வழிகாட்டி கேட்டார். கடைக்காரன் என்றேன். தன் தொப்பியைக் கழற்றி என் தலையில் வைத்துவிட்டார். விடுதியில் அவர் கதையைச் சொல்ல, சமையல்காரர்வரை வெளியே வந்து கை தட்டினார்கள்.

"கள்ளரைப் பிடிக்கிற கண்ணால சிறுத்தையைப் பிடிச்சிட்டியள்" என்று அவள் என் காதோடு சொன்னாள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் கடைக்கு மச்சான்தான் பொறுப்பு, நான் கமராவைத் திறப்பதில்லை. மற்ற நாட்களில் டில்லில் நிற்கும்போது யாரோ என்னைப் பார்ப்பது போலிருக்கும். நிமிர்ந்தால், பால் அடுக்கிக்கொண்டு நிற்கும் என் மனைவி. பத்தொன்பது வருடமும் அந்தப் பார்வை அங்கேதான் இருந்திருக்கும். இப்போது நான் அதை ஒருமுறைகூடத் தவறவிடுவதில்லை.