ஸ்டெல்லா சேச்சியின் பாட்டறை

பாட்டுக் கேட்பதற்கென்றே வீட்டில் ஓர் அறை கட்டுகிறவர்களுக்கு, ஸ்பீக்கர் எங்கே, எதிரொலியை உறிஞ்சும் பஞ்சுப் பலகை எங்கே, ஆள் எங்கே என்று திட்டம் போட்டுக் கொடுப்பது என் தொழில். பெரும்பாலும் நல்ல பாட்டு தொடங்கும் நேரத்தில் என்னை வழியனுப்பி விடுவார்கள். வீடு கட்டிப் பார்த்தவர்களுக்கு நான் படுகிற பாடு புரியும். கொச்சி மட்டாஞ்சேரியில் ஸ்டெல்லா சேச்சி வீட்டில் பட்டதை மட்டும் சொல்கிறேன்.

கைதட்டல்

சேச்சிக்குப் பிறந்த ஊர் நாகர்கோவில். மட்டாஞ்சேரியில் வாழ்க்கைப்பட்டு, பிள்ளைகள் சிறியவர்களாக இருக்கும்போதே மஸ்கட்டுக்கு நர்ஸ் வேலைக்குப் போனவர். ஓய்வு பெற்று வந்ததும் மாடியில் அறையை எழுப்பத் தொடங்கிவிட்டார். நான் போனபோது பூச்சு முடிந்த வெறும் சுவர்கள்தான். எதிரொலி எப்படி என்று பார்க்க, நடுவில் நின்று கையைத் தட்டினேன். சத்தம் சுவருக்குச் சுவர் மோதி, ‘டிர்ர்’ரென்று இழுத்தது. கொத்தனார்கள் சிரித்தார்கள்.

சேச்சி சிரிக்கவில்லை. தானும் ஒருமுறை தட்டி, காதைக் கொடுத்துக் கேட்டார். மஸ்கட் விடுதியில் ஒரே அறையில் பல பேராம். இவர் டியூட்டி முடிந்து வரும்போது மற்றவர்கள் தூங்கிக்கொண்டிருப்பார்கள். யாராவது கூப்பிட்டால் தெரிய வேண்டுமே என்று இயர்போனில் ஒரு பக்கத்தை மட்டும்தான் மாட்டிக்கொள்வாராம்.

“எல்லாப் பாட்டையும் ஒரு காதுலதான் கேட்டிருக்கேன் தம்பி. மறு காதுல என்ன இருந்துச்சுன்னே தெரியாது.”

முட்டை அட்டை

அவர் கணவர் ஆன்டனி சேட்டன், பஜாரில் கொப்பரைக் கடை வைத்திருப்பவர். சுவரில் முட்டை அட்டை ஒட்டினால் சத்தம் அடங்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, ஸ்கூட்டர் நிறைய அட்டைகளைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். அதனால் பெரிய பலனில்லை என்று பக்குவமாகச் சொன்னேன். அவர் வருத்தப்படவில்லை. அட்டையை இறக்கி வைத்துவிட்டுக் கதவைப் பற்றிக் கேட்டார்.

எனக்குக் கதவு என்றால் பெருமை. கனமான பலகை, சுற்றிலும் ரப்பர், சாத்திவிட்டால் வெளியிலிருந்து கூப்பிட்டாலும் உள்ளே கேட்காது என்று அளந்துவிட்டேன். அவர் நிலைச் சட்டத்தைத் தடவிக்கொண்டே நின்றார். பிள்ளைகளைத் தனியாக வளர்த்து ஆளாக்கி அனுப்பியவர். கொஞ்சம் மெல்லிய கதவாகப் போட முடியாதா என்றார். ஏன் என்று கேட்டேன்.

“இத்தனை வருஷம் அவ கடலுக்கு அக்கரையில இருந்தா. இனி கதவுக்கு அக்கரையிலயா, மோனே?”

சாக்பீஸ் குறி

இரண்டு ஸ்பீக்கருக்கும் சரிசமத் தூரத்தில் ஓர் இடம் உண்டு. அங்கே உட்கார்ந்தால்தான் பாடுகிறவர் நேர் எதிரே நிற்பதுபோல இருக்கும். அந்த இடத்தைத் தரையில் சாக்பீஸால் குறித்துக் கொடுத்தேன். பிறகு, சேட்டன் சொன்னது மனதில் கிடந்ததால், பக்கத்தில் பக்கத்தில் இரண்டு நாற்காலி போடலாமா, இருவருக்குமே பாட்டு கொஞ்சம் ஒரு பக்கமாகச் சாயும், அவ்வளவுதான் என்று இழுத்தேன்.

சேச்சி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து குறியின் மேல் போட்டு உட்கார்ந்தார். ஸ்பீக்கரே வராத அறையில், எதிர்ச் சுவரைப் பார்த்தபடி வெகுநேரம் இருந்தார். ஏன்தான் கேட்டோமோ என்று எனக்கு ஆகிவிட்டது.

“எல்லாத்தையும் விட்டுக்குடுத்துட்டுதான் போனேன். இந்த எடத்தை மட்டும் விடமாட்டேன் தம்பி. அவருக்கு வேற எடம் பாருங்க.”

பின் இருக்கை

நானும் வரைந்து வரைந்து அழித்தேன். கடைசியில் ஒரு வழி தோன்றியது. அதே நடுக்கோட்டில், சேச்சிக்குப் பின்னால் இன்னொரு நாற்காலி. இரண்டு ஸ்பீக்கரும் அதற்கும் சம தூரம்தான். பின்சுவர் பக்கம் என்பதால் கனத்த ஒலிகள் அங்கே தேங்கும். அதற்காகச் சுவரில் பஞ்சுப் பலகையைத் தடிமனாகப் பதித்தோம். கதவு நான் சொன்ன கதவுதான். சேட்டன்தான் உள்ளே வந்துவிட்டாரே.

முதல் பாட்டை ஓட்டிப் பார்த்த அன்று, அதிசயமாக என்னையும் இருக்கச் சொன்னார்கள். பாட்டு முடிந்தும் சேச்சி கண்ணைத் திறக்கவில்லை, கன்னம் நனைந்திருந்தது. நான் பின்னால் போய், ஒலி தெளிவாக இருந்ததா என்று சேட்டனிடம் தாழ்ந்த குரலில் கேட்டேன்.

“பாட்டை நான் கவனிக்கல. அவ தலை ஆடுறதைப் பாத்துக்கிட்டிருந்தேன்.”

ஊரார் வீட்டில் அவரவர்க்கு உரிய இடத்தைக் குறித்துக் கொடுக்கிற நான், மனைவி மதுரையிலும் நான் இடக்கொச்சியிலுமாக, அவளுடைய குரலை இன்னும் போனில்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.