நெற்றியில் எழுதிய மணி

சிவப்புச் சாயத்தைத் தொடையில் ஊற்றிக்கொண்டு, கம்பாலாவின் வாடகை மோட்டார் சைக்கிள் நிறுத்தத்தில் வெறும் தரையில் மல்லாந்து படுத்திருக்கிறார் பேராசிரியர் பெனினா நபுகென்யா. "நான் செத்துக்கிட்டிருக்கேன், நீங்க பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கிறீங்களா? கட்டுங்கய்யா!" என்று அதட்டுகிறார். இறுகக் கட்டாதவருக்கு உதை நிச்சயம். அதுவும் அடிபட்டதாகச் சொன்ன அதே காலால்.

விபத்து அறுவைப் பிரிவில் அவருக்கு முப்பது வருடமாகிறது. நாற்பது ஆராய்ச்சிக் கட்டுரைகள் எழுதியிருக்கிறார். அவற்றில் உருப்படியானவை இரண்டு என்று அவரே சொல்வார். செவ்வாய்க்கிழமை வகுப்பு மட்டும் இங்கே, தெருவில். அடிபட்டவரிடம் முதலில் ஓடிவருவது ஆம்புலன்ஸ் அல்ல, இந்த ஓட்டுநர்கள்தான் என்பது அவருடைய ஆராய்ச்சியின் முடிவு.

"இதுக்கெல்லாமா ஆராய்ச்சி?" என்று கேட்டார் ஓட்டுநர் சங்கத் தலைவர் கிகோசி.

"மேலிடத்துக்குப் படம் போட்டுக் காட்டினாத்தான்யா புரியும்."

பாடம் எளிது. ரத்தம் பீறிட்டால் பழைய சைக்கிள் டியூபால் இறுக்கு. கட்டிய நேரத்தை நெற்றியில் எழுது, போனிலும் அனுப்பு. ஆஸ்பத்திரியில் இருக்கும் கணினித் திரை அதிலிருந்து எண்ணும். இரண்டு மணி நேரம் வரை பச்சை. ஆறு தாண்டினால் சிவப்பு. கால் செத்துவிட்டது, எடுத்தாக வேண்டும். இந்தத் திரைக்காகக் கணினிக்காரர்களோடு மூன்று வருடம் மல்லுக்கட்டினார். "என் கடைக்குட்டி" என்று கொஞ்சுவார். யாராவது குறை சொன்னால் இரண்டு நாள் பேசமாட்டார்.

போன மாதம் ஒரு காலையில் கடைக்குட்டி அலறியது. சப்பாத்திக் கடை ஷபானை லாரி இடித்துவிட்டது. கிகோசியே கட்டுப்போட்டுத் தூக்கி வந்திருந்தார். நெற்றியில் 2.20. சுவர்க் கடிகாரத்தில் ஒன்பது. திரை செக்கச்செவேலென்று இருந்தது. இளம் டாக்டர் ஒடோங் காலை எடுப்பதற்குக் கருவிகளை அடுக்கச் சொல்லிவிட்டார்.

உள்ளே வந்த பெனினா வழக்கம்போல முதலில் நோயாளியின் கையைப் பிடித்தார். விரலில் ஏதோ பிசுபிசுத்தது. சப்பாத்தி மாவு. இன்னும் ஈரம் காயவில்லை.

"கிகோசி, எந்த ரெண்டு மணி?"

"இதென்ன கேள்வி டாக்டரம்மா? விடிஞ்சு ரெண்டு மணி. ஊரே சொல்ற ரெண்டு மணிதான்."

அதாவது எட்டு இருபது! விடிகிற ஆறு மணியிலிருந்து ஒன்று, இரண்டு என்று எண்ணுவதுதான் ஊர் வழக்கம். பெனினாவின் அம்மாவும் அப்படித்தான் எண்ணுவார், ஒடோங்கின் அம்மாவும் அப்படித்தான். ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டியதும் இருவருக்கும் அது மறந்துபோகும். மூன்று வருட மல்லுக்கட்டில் ஒருவர்கூட அதை வாய்திறந்து சொல்லவில்லை.

"கத்தியைக் கீழ வை, ஒடோங்! கட்டி நாப்பது நிமிஷம்தான்யா ஆகுது!"

ரத்தக்குழாயைத் தைத்து முடிக்க மதியமாகிவிட்டது. பாதம் சூடேறியது. கண் விழித்த ஷபான் முதலில் கேட்டது, அடுப்பை யாராவது அணைத்தார்களா என்று. பெனினாவுக்குச் சந்தோஷத்தில் சிரிப்பு வந்தது. வெளியே கிகோசி உட்காராமல் காத்திருந்தார்.

"நான் எழுதினது தப்பா டாக்டரம்மா?"

"நீ சரியாத்தான்யா எழுதியிருக்கே. என் கடைக்குட்டிக்குத்தான் மணி பார்க்கத் தெரியலை. வளர்த்தவளைச் சொல்லணும்."

அடுத்த செவ்வாய் சாயப் புட்டியோடு நிறுத்தத்துக்கு வந்தவர், "இப்ப மணி என்ன?" என்று கிகோசியைக் கேட்டார்.

"நாலு."

பெனினாவின் கைக்கடிகாரம் பத்து காட்டியது. அதைக் கழற்றி, முள்ளை நாலுக்குத் திருகி, மறுபடி கட்டிக்கொண்டு மல்லாந்து படுத்தார்.