அரக்கு முத்திரைக்குச் சூடம்

தீபாவளி நெருங்கினால் எங்கள் வீட்டில் சேலைச் சண்டை தொடங்கிவிடும். தங்காக் டவுன் துணிக்கடை ஒன்றில் மாம்பழ நிறத்தில் சிவப்புக் கரை போட்ட சேலையை அம்மா பார்த்து வைத்திருந்தாள். அப்பா அசையமாட்டார்.

"காசு பேங்குல கெடக்கட்டும். ஊருக்குப் போறப்ப ஒனக்குப் பட்டே எடுத்துத் தாரேன்."

"ஆமா, பட்டு கட்டிப் பாடையில போறேன்" என்று அம்மா ஒரு போடு போடுவாள். அப்பா சிரித்துவிடுவார். கடைசியில் எனக்குப் பாவாடையும் தம்பிக்குச் சட்டையும் வரும். அம்மாவுக்கு ஒரு ரவிக்கைத் துண்டு.

குனோங் லேடாங் மலையடிவாரத்தில் இருந்த ரப்பர் தோட்டம் எங்களுடையது என்று சொன்னால் சிரிப்பீர்கள், வெள்ளைக்காரத் தொரையுடையதுதான். ஊரிலிருந்து கடல் தாண்டி வந்து நாங்கள் அங்கே பால் வெட்டினோம், அவ்வளவே. பதினைந்து வயதில் எனக்கும் வெட்டத் தனி மர நிரை கொடுத்திருந்தார்கள். மற்ற லயத்துக்காரர்கள் மிச்சம் பிடித்ததைக் காதிலும் மூக்கிலும் போட்டுக்கொண்டபோது அப்பா மட்டும் தங்காக் பேங்கில் போட்டார். "காதுல போட்டா எவனாச்சும் அறுத்துட்டுப் போவான். இரும்புக் கதவ எவன் அறுப்பான்?" என்பது அவர் கட்சி. அம்மா மாடு வளர்த்துப் பால் விற்ற காசும் அந்த இரும்புக் கதவுக்குள்தான் போனது.

பிறகு ரப்பர் விலை அடிமட்டத்துக்கு இறங்கியது. தோட்டத்தில் பாதிப் பேரை நிறுத்தினார்கள். வேலை இல்லாதவர்களைச் சர்க்கார் செலவிலேயே நாகப்பட்டினத்துக்குக் கப்பலேற்றுவதாகச் சொன்னார்கள். எங்கள் நாலு பேருக்கும் இடம் கிடைத்தது. அந்த நேரம் பார்த்துப் பேங்கையும் மூடினார்கள்.

செய்தி கேட்டு அப்பா தங்காக்குக்கு ஓடினார். திரும்பி வந்தபோது முகத்தில் கவலையே இல்லை.

"சர்க்காரு பூட்டுப் போட்டு அரக்கு முத்திரை வச்சிருக்காங்க. வாசல்ல காவலுக்கு ஜாகா நிக்கிறான். இனி ஒரு சல்லிய எவனும் தொட முடியாது."

அவரைப் பைத்தியக்காரர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் உண்டியலையும் அப்படித்தான் அரக்கு வைத்து மூடுவோம். திருவிழாவன்று எல்லார் முன்னாலும் உடைத்தால் போட்ட காசு போட்டபடி இருக்கும். அரக்கு வைப்பது காசைக் காப்பாற்றத்தான் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். பேங்கில் காசு போட்டிருந்த பக்கத்துத் தோட்டத்தார் சிலரும் அதையே சொன்னார்கள். வெள்ளிக்கிழமை அவர்களும் அப்பாவும் சேர்ந்து போய், பேங்கு வாசல் அஞ்சடி நடைபாதையில் தேங்காய் உடைத்து, அந்த முத்திரைக்குச் சூடம் காட்டிவிட்டு வந்தார்கள். காவலுக்கு நின்ற பஞ்சாபி ஜாகா செருப்பைக் கழற்றிவிட்டு ஒதுங்கி நின்றானாம்.

கப்பலுக்குப் போகும் நாள் வந்தது. பேங்கு திறக்கவில்லை.

"நீ பிள்ளையத் தூக்கிக்கிட்டு முன்னால போ. காச எடுத்துக்கிட்டு அடுத்த கப்பல்ல நாங்க வந்துர்றோம்" என்றார் அப்பா.

"காசு கெடக்குது, நீங்க வாங்க. கையும் காலும் இருந்தா சம்பாதிச்சுக்கலாம்."

"நீ மாடு மேச்சு சேத்த காசும்லா அதுல இருக்கு!"

"நான்தானே மேச்சேன்? நான்தானே வேணாங்குறேன்?"

அப்பா கேட்கவில்லை. தம்பிக்கு வயிறு சரியில்லை, லயத்து வீட்டை உடனே காலி செய்யச் சொல்லிவிட்டார்கள், இலவசச் சீட்டை விட்டால் மறுபடி கிடைக்குமா என்பதும் தெரியாது. அம்மா லாரியில் ஏறினாள். தனக்குச் சோறு பொங்கிப் போட அப்பா என்னை நிறுத்திக்கொண்டார். லாரி கிளம்பும்போது அம்மா என்னைத்தான் பார்த்தாள், அப்பாவைப் பார்க்கவில்லை. அந்தக் கோபம் நியாயமானது. எனக்கும் அதே கோபம் வெகுநாள் இருந்தது.

தவுக்கே என்று நாங்கள் சொல்லும் ஒரு சீன முதலாளியின் சின்னத் தோட்டத்தில் பாதிப் பங்குக்குப் பால் வெட்டிப் பிழைத்தோம். வெள்ளிக்கிழமை தவறாமல் அப்பா சூடம் வாங்கிக்கொண்டு பேங்கு வாசலுக்குப் போவார். மற்றவர்கள் ஒவ்வொருவராக வருவதை நிறுத்திவிட்டார்கள்.

ஒருநாள் ஓர் அதிகாரி வந்தார். பணம் போட்டவர்களை அஞ்சடியில் கூட்டினார்கள். நானும் போயிருந்தேன். அவர் இங்கிலீஷில் பேச, கூட வந்த ஆபீஸ் குமாஸ்தா, தமிழ்க் கிராணி, எடுத்துச் சொன்னார்.

"பேங்கு முழுகிப்போச்சு. இது தனி ஆளுங்க யாவாரம், சர்க்காரு இதுல காசு போடாது. இருக்கிறத வித்து, வர்றதப் பங்கு வச்சுத் தருவாங்க."

"அப்ப அந்த முத்திர?" என்று கேட்டார் அப்பா.

"அதா? உள்ள இருக்கிற மேச நாற்காலிய எவனும் தூக்கிட்டுப் போயிறக் கூடாதுன்னு வச்சது."

அப்பா கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பின்னாளில் ரப்பர் விலையைத் தூக்கி நிறுத்தச் சர்க்காருக்கு வழி தெரிந்தது. தொரைமாருக்கு வலித்தால் வைத்தியம் கிடைத்தது. எங்கள் பேங்கு விழுந்தபோது மட்டும் அது தனி ஆட்கள் வியாபாரமாகிவிட்டது.

அடுத்த வெள்ளியும் அப்பா சூடத்தோடு கிளம்பினார். நான் தடுக்கவில்லை.

அம்மா இறந்துபோன செய்தியை, ஊரிலிருந்து திரும்பி வந்த பழைய லயத்துக்காரர் ஒருவர் சொன்னார். வாந்திபேதி. தம்பி மாமா வீட்டில் இருக்கிறான் என்றார். அவள் போய்ப் பல மாதம் ஆகியிருந்தது. நாங்கள் இங்கே அடுத்த கப்பலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்திருக்கிறோம். அப்பா அழவில்லை. நான்தான் அழுதேன், அவருக்கும் சேர்த்து.

அதற்கப்புறம்தான் பேங்குப் பங்கு வந்தது. கப்பல் சீட்டுக்குக் கிட்டக்கூட வராத பங்கு. அதை வாங்கிய கையோடு அப்பா துணிக்கடைக்குப் போயிருக்கிறார். சுமங்கலியாகப் போனவளுக்குப் புதுச்சேலை வைத்துப் படைப்பது எங்கள் வழக்கம். படைத்த சேலையை வீட்டுப் பெண் கட்டிக்கொள்ள வேண்டும். படத்துக்கு நாங்கள் எங்கே போவது? பலகையில் ஒரு விளக்கு, அதன் முன்னால் சேலை. அப்பா சூடம் காட்டினார். பேங்கு வாசலில் காட்டியது போலவே, இரண்டு கையாலும்.

நான் அதைக் கட்டிக்கொண்டு வந்து நின்றேன். அப்பா வெகுநேரம் பார்த்தார்.

"ஒங்கம்மா கேட்டது இதுதானே?"

அம்மா கேட்டது மாம்பழ நிறம், சிவப்புக் கரை. இது பச்சைக் கரை.

"இதேதாம்ப்பா" என்றேன்.