பத்தாவது கையெழுத்து

அந்த வேட்புமனுத் தாளில், தொகுதி வாக்காளர்கள் பத்துப்பேர் ஆதரித்துக் கையெழுத்து வைக்கப் பத்துக் கோடுகள். ஒன்பதில் கையெழுத்து இருந்தது. கடைசிக் கோடு வெறுமையாகக் கிடந்தது. நான் வேல்ஸில் ஒரு சிறிய ஊரில், கடையொன்றில் வேலை செய்த காலம் அது. முதலாளி யாழ்ப்பாணத்துக்காரர். ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள் என்ற கோபத்தில், அங்கே வந்த பாராளுமன்ற இடைத்தேர்தலில் சுயேச்சையாக நிற்கப் புறப்பட்டார். தலைமுறை தலைமுறையாக ஒரே கட்சி வெல்லும் தொகுதி.

"அவங்கள் வீடு கூட்டுற தும்புத்தடியை நிப்பாட்டினாலும் வெல்லும், அண்ணை. உங்களுக்கு ஏன் இந்த வேலை?" என்றேன்.

"தும்புத்தடியோட நானும் முடிவு சொல்லுற மேடையில ஏறினா, பஸ் எங்க எண்டு கேக்கலாமெல்லே?"

பத்தாவதாகக் கையெழுத்து வைக்கிறேன் என்றிருந்த வாடிக்கைக்கார அம்மா, ஒருவர் மனமும் நோகக்கூடாதென்று வேறொரு வேட்பாளருக்கு முதலே வைத்துக் கொடுத்துவிட்டார். ஒருவர் ஒருவருக்குத்தான் வைக்கலாம். நாலு மணிக்குள் தாளைக் கொடுக்க வேண்டும், அப்போது இரண்டரை. முதலாளி என்னைப் பார்த்தார்.

கடைக்கு மேலே குடியிருந்த என் பெயரையும் வாக்காளர் பட்டியலில் சேர்க்க வைத்தவர் அவர்தான். இலங்கைப் பாஸ்போர்ட்டோடும் இங்கே வாக்களிக்கலாம் என்பது அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஆனால் என் விசா விண்ணப்பம் பதிலில்லாமல் கிடந்தது. ஊரில் என் அண்ணனும் ஒரு பட்டியலில் பெயர் கொடுத்தவன். பிறகு அந்தப் பட்டியலோடு வீட்டுக்கு ஆட்கள் வந்தார்கள்.

"இது எல்லாருக்கும் தெரியவருமோ, அண்ணை?"

"ஓம். கவுன்சில் பலகையில ஒட்டுவினம்." ஒளிக்காமல் சொன்னார். "ஏலாதெண்டாச் சொல்லு. கோவமில்லை, வேலைக்கும் ஒண்டுமில்லை. றோட்டில வேற ஆரையும் பிடிப்பன்."

ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு வாசல்வரை போய்விட்டார். நான் கூப்பிட்டேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனின் கையெழுத்து எப்போதுமே கோணல். அன்று இன்னும் கோணியது.

அதன்பிறகு கடைக் கதவு திறக்கும்போதெல்லாம் வருவது யாரென்று எட்டிப் பார்ப்பேன். ஒருநாள், அந்தப் பெரிய கட்சிக்கு ஊரில் வேலை செய்பவர் சிகரெட் வாங்க வந்தார். பலகையில் என் பெயரைப் பார்த்ததாகச் சொன்னார். உன் முதலாளி தோற்கப் போகிறார் என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போனார். வேறொன்றும் நடக்கவில்லை.

முதலாளி தோற்றார். மேடையில் பஸ்ஸைப் பற்றிக் கேட்டார், பஸ் வரவில்லை. "அடுத்த முறையும் கேப்பன்," என்றார்.

இப்போது நான் லண்டனில், செவன் கிங்ஸில் இருக்கிறேன். தேர்தல் நெருங்கினால் வாக்காளர் பதிவுப் படிவங்களோடு எங்கள் ஆட்களின் கதவுகளைத் தட்டுவேன். போன கிழமை, ஊரிலிருந்து புதிதாக வந்த ஒருவர் கதவை அரைவாசிதான் திறந்தார்.

"பேர் குடுத்தாப் பிறகு பிரச்சினை ஒண்டும் வராதோ, அண்ணை?"

நான் கையிலிருந்த படிவத்தை நீட்டினேன்.

"நான் குடுத்தனான். எனக்கு ஒண்டும் வரேல்லை. ஆனா பயம் இண்டைக்கும் இருக்கு," என்றேன்.

அவர் படிவத்தை வாங்கி, வாசலில் நின்றபடியே முதலிலிருந்து வாசித்தார். முடித்துவிட்டு மறுபடியும் வாசித்தார். தூறத் தொடங்கியது. நான் குடையை விரித்துக்கொண்டு நின்றேன்.