மாரிவிக்கின் கெட்டிப் பேப்பர்

“லைசென்ஸைத் தாடைக்குப் பக்கத்துல புடி. வெரலு பேரை மறைக்குது பாரு, எறக்கு. இப்ப வாயைத் தொறந்து உன் சொந்தப் பேரைச் சொல்லு. படத்துல வர்ற பேரு எனக்கு வேணாம்.”

சாட்ஸ்வொர்த்தில் நீச்சல்குளத்தோடு ஒரு வாடகை வீடு. எடுக்கப்போவது பெரியவர்கள் மட்டும் பார்க்கிற படம். படுக்கையறையில் விளக்கெல்லாம் நட்டாகிவிட்டது, ஆனால் மாரிவிக் தொலெந்தினோ சமையலறை மேசையில் ஒப்புதல் பேப்பரை விரித்துவிட்டால் அது முடியும்வரை யாரும் ஒரு பொத்தானைக்கூடக் கழற்ற முடியாது. அவள் வாசலில் தலைகாட்டியதும் கேமராக்காரன் ஆர்மென் குரல் கொடுப்பான்: “வக்கீலம்மா வந்துட்டாங்க, எல்லாரும் சட்டையைப் போடுங்கடா.” அவள் சிரிக்கமாட்டாள். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, அடுப்பு அணைந்திருக்கிறதா என்று பார்ப்பாள். வீடு அவளுடையதில்லை, அடுப்பில் யாரும் ஒன்றும் வைக்கவும் இல்லை. இருந்தாலும் போய்ப் பார்ப்பாள்.

குட்டையான உருவம், நாற்பதைத் தாண்டிய வயது. நகத்தைக் கடித்துக் கடித்து விரல்நுனி எல்லாம் சிவந்து கிடக்கும். கடல் தாண்டிப் பம்பாங்காவில் பிறந்து, இங்கே பனோரமா சிட்டியில் வளர்ந்தவள். முன்பு அவளும் கேமராவுக்கு முன்னால் நின்றவள்தான், ஆனால் கம்பெனிக்கு என்று ஒரு நாளும் நின்றதில்லை. கம்பெனிப் பேப்பரை ஒரு தரம் படித்துப் பார்த்தாளாம். எடுத்த படம் என்றென்றைக்கும் அவர்களுடையது, பிரபஞ்சம் முழுக்கச் செல்லும், இனிமேல் கண்டுபிடிக்கப்போகிற கருவியிலும் செல்லும் என்று அதில் போட்டிருந்தது. “செவ்வாய்க் கிரகத்துல ஓட்டுறதுக்கும் நான் இப்பவே கையெழுத்துப் போடணுமாம்” என்று இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள்.

அதனால் கூட்டுப் படம் மட்டும்தான் செய்தாள். நடிக்கிற இரண்டு பேர் சேர்ந்து எடுப்பார்கள், ஆளுக்கொரு பிரதி எடுத்துக்கொண்டு இணையத்தில் அவரவர் பக்கத்தில் போட்டுக்கொள்வார்கள். இந்தத் தொழிலில் பாதிப் பேர் இதற்கு எழுதும் பேப்பரைப் பார்த்தால் பால் கணக்கு மாதிரி இருக்கும். தேதி இருக்காது, இல்லையென்றால் கையெழுத்து இருக்காது. மாரிவிக் உட்கார்ந்து சொந்தமாய் ஒன்று எழுதினாள். அதில் அவளுக்கு உயிரான வரி ஒன்று உண்டு. பேப்பர் வேலைக்கு மட்டும் வருகிற இந்த நாளிலும் அதை வாய்விட்டுப் படித்துக் காட்டி, எதிரில் இருப்பவரைத் திருப்பிச் சொல்ல வைத்துப் படம் பிடித்துக்கொள்வாள்: “ரெண்டு பேர்ல யார் வேணாம்னாலும் ரெண்டு பேரும் படத்தைத் தூக்கிடணும். ஏன்னு கேக்கக் கூடாது.”

அந்த வரியை நம்பித்தான் நடிப்பதை விட்டாள். நார்த்ரிட்ஜில் முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பு வேலை கிடைத்திருக்கிறது. அடுத்த மாதம் சேர வேண்டும். மேற்பார்வைக்கு இருக்கிற எர்லிண்டா அவள் போகிற அதே மாதா கோயிலில் பாடுகிறவள். அந்த இல்லத்தில் முன்பு வேலை பார்த்த ஒருத்தியின் பழைய படத்தை யாரோ ஒரு கிழவரின் மகன் பார்த்துவிட்டான். அன்று சாயங்காலமே அவளுடைய பையை வாசலில் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். இதை எர்லிண்டாவே மாரிவிக்கிடம் தொண்டையைத் தாழ்த்திச் சொன்னாள். மாரிவிக் தலையை ஆட்டிக்கொண்டு நின்றாள், கையிலிருந்த காப்பியைக் குடிக்கவேயில்லை.

கூட நடித்தவர்களுக்கு ஒவ்வொருவராய்ச் செய்தி அனுப்பினாள். எல்லோரும் படத்தை நீக்கிவிட்டார்கள். ஒருத்தன் சிரிப்பு முகம் போட்டான், ஒருத்தி வாழ்த்துச் சொன்னாள். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. மிச்சம் நின்றது டெரல் ஸ்டக்கியுடன் எடுத்த ஒன்றுதான். அதைப் போய் யாரிடம் கேட்பது? குளிர்காலத்தில் மோட்டார் சைக்கிளோடு மலைப்பாதையில் விழுந்து டெரல் செத்துப்போனான். ஆள் மண்ணுக்குள் போய்விட்டான், அவன் பக்கம் மட்டும் கடை திறந்தபடி இருக்கிறது. இரண்டு பேர் என்று எழுதினாளே தவிர, இரண்டில் ஒருவர் செத்தால் என்ன என்று எழுதவில்லை. இந்தத் தொழிலில் எல்லோரும் இளசாகவே இருந்துவிடப் போகிற மாதிரிதான் பேப்பர் எழுதுகிறார்கள்.

டெரலின் பக்கம் இருக்கிற இணையத் தளத்துக்காரர்களுக்குப் புகார் எழுதினாள். பதில் மரியாதையாய் வந்தது. அம்மா, உங்கள் ஒப்புதல் எங்களிடம் பக்காவாக இருக்கிறது, அடையாள அட்டையைப் பிடித்துக்கொண்டு நீங்கள் பேசுகிற படமும் இருக்கிறது. நீக்குவதென்றால் போட்டவர் நீக்க வேண்டும், அவர் இல்லையென்றால் வாரிசு சான்றுகளோடு வர வேண்டும். அவ்வளவுதான் பதில். இதை ஆர்மெனிடம் காட்டினாள். அவன் படித்துவிட்டுத் தாடியைச் சொறிந்தான்.

“எங்க பேப்பர்லாம் ஓட்டை. புகார் போட்டா தளத்துக்காரன் பயந்துபோய் மறுநாளே தூக்கிடுறான். நீதான் பூட்டு மேல பூட்டாப் போட்டு வச்சிருக்கியே.”

கேலியாகத்தான் சொன்னான். அவள் முகம் போன போக்கைப் பார்த்ததும் அவனே ஒரு தொலைபேசி எண்ணை எழுதிக் கொடுத்தான். டெரலின் அக்கா நோரீனுடைய எண், அடக்கத்துக்குப் போயிருந்தபோது வாங்கியது. டெரல் ஏதோ படத்துக்கு விளக்குப் போட்டுக்கொண்டிருந்தான் என்றுதான் அந்த வீட்டில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், பார்த்துப் பேசு என்றும் சொன்னான்.

டெரலின் போன் கிடைத்தால் அதிலிருந்தே அவன் பக்கத்தைத் திறந்து படத்தை அழித்துவிடலாம் என்று மாரிவிக் கூப்பிட்டாள். தன் சாமான் ஒன்று டெரலின் போனில் இருக்கிறது என்று மட்டும் சொன்னாள். வா என்றாள் நோரீன்.

கிரேப்வைன் மலையேறி, நோரீன் இருக்கிற பேக்கர்ஸ்ஃபீல்டுக்கு ஓட்டிக்கொண்டு போனாள். வெறுங்கையோடு போகக்கூடாதென்று இளஞ்சிவப்புப் பெட்டியில் டோனட் வாங்கி வைத்திருந்தாள். சொல்லவேண்டியதை வழியெல்லாம் காருக்குள்ளேயே சொல்லிப் பார்த்தாள். இரண்டு தடவை ஓரமாய் நிறுத்தி வீட்டுக் கதவைப் பூட்டினோமா என்று யோசித்தாள். மண்ணிலிருந்து எண்ணெய் இறைக்கிற பம்புகள் தலையாட்டுகிற வெட்டவெளியில் இறங்கியதும், அவ்வளவு நேரம் மனப்பாடம் பண்ணியதில் ஒரு வரிகூட நினைவில்லை.

நோரீன் பெரிய உடம்புக்காரி, பள்ளிக்கூடத்துச் சமையலில் வேலை. ஐஸ் போட்ட தேநீர் கொண்டுவந்து வைத்தாள். உள்ளறையில் டிவிப் போட்டி நிகழ்ச்சியில் ஜனம் கைதட்டிக்கொண்டிருந்தது.

“நீங்களும் லைட்டு வேலையா?”

ஆமாம் என்றால் முடிந்தது. ஆமாம் என்று சொல்லி, போனை வாங்கி, அவள் பார்க்காத நேரத்தில் அழித்துவிட்டுப் போய்விடலாம். மாரிவிக் கோப்பையைச் சுற்றி வழிந்த ஈரத்தை விரலால் துடைத்தாள்.

“இல்லீங்க. நாங்க ரெண்டு பேரும் கேமராவுக்கு முன்னாடி.”

நோரீன் அவளையே பார்த்தாள். பிறகு சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்தாள். மழலைப் பள்ளிப் பட்டமளிப்புத் தொப்பியோடு டெரல், முன்பல் ஓட்டை. டிவியில் யாரோ ஒரு கார் ஜெயித்தார்கள்.

“மெதுவாப் பேசுங்க” என்றாள் நோரீன். “அம்மா உள்ள முழிச்சிக்கிட்டுதான் இருக்கா.”

அதற்குப் பிறகு மாரிவிக் மூச்சுவிடுகிற சத்தத்தில் எல்லாவற்றையும் சொன்னாள். வேலை, எர்லிண்டா, வாசலில் வைத்த பை. டெரல் நல்லவன், தன்னிடம் ஒரு நாளும் மரியாதை குறையாமல் நடந்துகொண்டவன் என்பதையும் சொன்னாள். நோரீன் நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். எழுந்துபோய் ஆஸ்பத்திரியில் கொடுத்த பிளாஸ்டிக் பையோடு போனை எடுத்துவந்தாள். கண்ணாடி ஒரு மூலையில் நொறுங்கியிருந்தது. சார்ஜ் ஏறும்வரை இரண்டு பேரும் டோனட் பெட்டியைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள், ஒருவரும் எடுக்கவில்லை. திரை வெளிச்சம் வந்ததும் நோரீன் தன் விரலாலேயே எண்ணைப் போட்டுத் திறந்தாள்.

“அவன் பொறந்த நாள்தான். வேற எதையும் திறக்காதீங்க. உங்களதை மட்டும் அழிச்சிட்டுக் குடுங்க.”

“மத்ததெல்லாம் இருக்கட்டுமா?”

“அதை நான் இன்னொரு நாளைக்கி யோசிக்கிறேன். இன்னைக்கி இது போதும்.”

சொல்லிவிட்டு நாற்காலியை இழுத்து, முதுகைக் காட்டிக்கொண்டு, சன்னல் பக்கம் பார்த்து உட்கார்ந்தாள். மாரிவிக் முதலில் போனின் சத்தத்தை அடியோடு குறைத்தாள். குறைந்ததா என்று காதில் வைத்துப் பார்த்தாள். இன்னொரு தரம் குறைத்தாள். அவன் பக்கத்தைத் திறந்ததும் படம் வந்தது. நோரீன் திரும்பவேயில்லை, திரும்புகிறவளாகவும் தெரியவில்லை. ஆனாலும் மாரிவிக் உள்ளங்கையை விரித்துத் திரையில் டெரலின் மேல் மூடிக்கொண்டு, மறு கையின் கட்டைவிரலால் அழிக்கிற பொத்தானை அழுத்தினாள்.