வெறும் வயிற்று எலிகள்

எலியின் வால் நுனியில் ஊசியை வைப்பதற்கு முன்னால் மேடம் தன் விரலைக் குத்திக்கொள்வார்கள். சர்க்கரை பார்க்கும் மெஷின் சரியாகக் காட்டுகிறதா என்று சோதிக்கத்தான் என்று புதிதாக வரும் மாணவிகளிடம் சொல்வார்கள். அது பாதி உண்மை. அவர்களுக்கே சர்க்கரை உண்டு. நோட்டில் அன்றைய பக்கத்தின் முதல் வரியில் "நான்" என்று எழுதித் தன் எண்ணைப் போட்டுவிட்டு, அதற்குக் கீழே ஒன்றாம் எலி, இரண்டாம் எலி என்று வரிசையாக எழுதிக்கொண்டு போவார்கள். சில நாள் அவர்களுடைய எண் எலியின் எண்ணைவிடக் கூடுதலாக இருக்கும். "இன்னிக்கு நானே ஜெயிச்சுட்டனுங்ண்ணா" என்று சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வராது.

சேலத்திலிருந்து ராசிபுரம் போகிற வழியில் உள்ள ஒரு கல்லூரியில் எலிக்கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் உதவியாளனாக நான் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தேன். கூண்டு கழுவுவது, தீனி வைப்பது, சோதனை நாளுக்கு முந்தைய மாலையில் தீனியை எடுத்துவிடுவது, மறுநாள் காலையில் மயக்கிய எலியைத் திறந்து ஈரலை எடுத்துக் கொடுப்பது, மிச்சத்தைப் பையில் கட்டிப் போடுவது, இவ்வளவும் என் பொறுப்பு. மேடம் வெளிநாட்டில் பன்னிரண்டு வருஷம் ஆராய்ச்சி செய்துவிட்டுத் திரும்பி வந்தவர்கள். ராசிபுரம்தான் சொந்த ஊர். வெளிநாட்டிலேயே இருந்திருக்கலாமே என்று கேட்காத ஆளில்லை. "அங்க எலி நெறைய இருக்குதுங்க, சர்க்கரைக்காரங்க இங்கதான இருக்கறாங்க" என்பார்கள். அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை.

அவர்கள் செய்தது என்ன என்று எனக்குப் புரிய ஒரு வருஷம் ஆனது. புரியவைத்ததும் அவர்கள்தான். என் மச்சினன் கல்யாண வீடியோ எடுப்பவன் என்று அவர்களுக்குத் தெரியும். "உங்க மச்சினரு எட்டு மணி நேரம் எடுப்பாரு. அப்பறம் வேண்டாததை வெட்டிப்போட்டு மிச்சத்தை ஒட்டி ரெண்டு மணி நேரமாக் குடுப்பாரு. பொண்ணு ஊட்டுக்கு ஒரு மாதிரி வெட்டுவாரு, மாப்பிள்ள ஊட்டுக்கு ஒரு மாதிரி. உடம்பும் அப்படித்தானுங்க" என்றார்கள். உயிரணு தன் மூலப் பிரதியிலிருந்து முதலில் நீளமாக ஒரு நகலை எடுக்கிறது. அதன் பெயர் ஆர்என்ஏ. அதில் வேண்டாத துண்டுகளை வெட்டி எறிந்துவிட்டு மற்றதை ஒட்டி, அதைப் பார்த்துத்தான் உடம்புக்கு வேண்டியதைச் செய்துகொள்கிறது. சாப்பிட்ட பின் ஒரு மாதிரி வெட்டு, பட்டினியில் ஒரு மாதிரி வெட்டு. சர்க்கரை வந்த உடம்பில் பட்டினி நேரத்தில் அந்தக் கத்தரி தப்பான இடத்தில் மாட்டிக்கொள்கிறது. அதை விடுவிக்க முடியுமா என்பதுதான் அவர்களுடைய ஆயுள் முழுவதற்குமான கேள்வி.

இனி என் கதையைச் சொல்ல வேண்டும். சுற்றி வளைப்பதில் பயனில்லை. என் அப்பா முப்பது வருஷம் நாமக்கல் லாரி ஓட்டியவர். வடநாட்டு லைனில் போய்ப் போய் சர்க்கரையோடு வந்தவர். முதலில் விரல், பிறகு பாதம், பிறகு முழங்கால் வரைக்கும் எடுத்தார்கள். கடைசி மாதத்தில் ஓர் அமாவாசை. தாத்தாவுக்குப் படைத்த சோற்றில் ஒரு வாய் கேட்டார். டாக்டர் சொன்னார் என்று நான் கொடுக்கவில்லை. கோதுமைக் கஞ்சியை நீட்டினேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அடுத்த அமாவாசைக்கு அவருக்கே படைத்தோம்.

அதிலிருந்து அமாவாசை தவறாமல் விரதம் இருந்தேன். காக்காய்க்குச் சோறு வைக்காமல் பல்லில் தண்ணீர் படாது. சோதனை நாளில் அமாவாசை வந்துவிட்டால் மட்டும் சங்கடம். ஏழு மணிக்குள் கல்லூரியில் இருக்க வேண்டும். என் மனைவி விடியுமுன் எழுந்து ஆக்கிப் படைத்து, காக்காய்ச் சோற்றை இலையில் மடித்துக் கொடுத்துவிடுவாள். கல்லூரிக் காக்காய்கள் மெஸ் எச்சிலைத் தின்று கொழுத்தவை. எங்கள் வீட்டுப் பருப்புச் சோற்றை ஏறிட்டும் பார்க்காது. முதல் முறை அரை மணி நேரம் மதில் ஓரமாக நின்று கா கா என்று கத்தினேன். வாட்ச்மேன் சிரித்ததுதான் மிச்சம்.

உள்ளே வந்தேன். கதவோரம், கீழ் வரிசை, முதல் கூண்டு. ஊசி போட்டுச் சர்க்கரை நோய் வரவைத்த எலி. முந்தைய மாலையிலிருந்து பட்டினி. கம்பிக்கு வெளியே மூக்கை நீட்டி இலையை முகர்ந்தது. இரண்டு முன்கால்களாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது. எனக்கு அப்பா நினைவு வந்துவிட்டது. வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ஒரு கோலிக்குண்டு அளவு சோற்றை உருட்டிக் கம்பி வழியாகக் கொடுத்தேன். அவசரமாகத் தின்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டு நானும் போய்ச் சாப்பிட்டேன். இரண்டு மணி நேரம் கழித்து அந்த எலியைத் திறந்ததும் நான்தான். இரைப்பையில் சோறு வெள்ளையாகத் தெரிந்தது. ஈரலை எடுத்துக் கொடுத்துவிட்டு மிச்சத்தைப் பையில் கட்டினேன். ஒரு வாய்ச் சோறு என்ன செய்துவிடும் என்று நினைத்தேன். சர்க்கரை ஏற்றிய எலிகளுக்கு வெறும் வயிற்றிலேயே அளவு எகிறித்தான் இருக்கும். அதனால் மெஷினும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. பிறகு அது வழக்கமாகிவிட்டது.

இரண்டு வருஷச் சோதனைகள் முடிந்து கணக்குப் பார்த்தபோது மேடம் ஆடிப்போனார்கள். பட்டினி கிடந்த சர்க்கரை எலிகளில் ஒன்பது மட்டும் நோயில்லாத எலியைப் போலச் சரியாக வெட்டியிருந்தன. உடம்புக்குத் தானாகவே கத்தரியை விடுவித்துக்கொள்ள ஒரு வழி இருக்கிறது, அது சில எலிகளுக்குத் தெரிந்திருக்கிறது என்று எழுதினார்கள். பெரிய பத்திரிகையில் வந்தது. துறை முழுவதற்கும் முறுக்கு வாங்கிக் கொடுத்தார்கள், இனிப்பு தின்னக்கூடியவர்கள் அங்கே பாதிப் பேர்தான். அந்த வாரம் அவர்கள் நடந்த நடையை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

ஒரு வருஷம் கழித்து வெளிநாட்டு ஆய்வுக்கூடம் ஒன்றிலிருந்து கடிதம் வந்தது. அவர்கள் செய்து பார்த்தார்களாம், ஓர் எலி கூட அப்படி வரவில்லையாம். மேடம் கோபப்படவில்லை. தானே மறுபடி செய்தார்கள், ஒரே மூச்சாக, இரண்டு அமாவாசைக்கு நடுவில். ஒன்றும் வரவில்லை. தண்ணீரைச் சோதித்தார்கள், தீனி மூட்டையைச் சோதித்தார்கள், மருந்துப் புட்டிகளை மாற்றினார்கள். கடைசியாக என்னையும் அவர்களிடம் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த மாணவியையும் உட்காரவைத்துப் பலகையில் படம் போட்டு விளக்கினார்கள். சர்க்கரை எலி ஒரு வாய் தின்றாலும் இரண்டு மணி நேரத்தில் இந்த வெட்டு நோயில்லாத எலியுடையது போல மாறிவிடும், ஆகையால் பட்டினிதான் முக்கியம் என்றார்கள். பிறகு என் பக்கம் திரும்பி, சந்தேகமாக அல்ல, வரிசையில் ஒரு கேள்வியாகக் கேட்டார்கள்.

"வெறும் வயிறுதானுங்களேண்ணா?"

"ஆமாங்க மேடம்" என்றேன்.

அவ்வளவுதான். நோட்டில் ஒரு டிக் போட்டுக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனார்கள். மறுபடி அதைக் கேட்கவே இல்லை. நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். மறுநாளும் அப்படியே நினைத்தேன்.

காரணம் கண்டுபிடிக்க முடியாத முடிவை வைத்துக்கொள்ள அவர்களுக்கு மனம் ஒப்பவில்லை. தானே பத்திரிகைக்கு எழுதிக் கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். அதன் பிறகு துறையில் நடந்ததைச் சொல்ல எனக்கு நாக்கூசுகிறது. எண்களை இட்டுக்கட்டி எழுதினவர் என்று முதுகுக்குப் பின்னால் பேசினார்கள். மாணவி வேறு வழிகாட்டியிடம் போனாள். புதிய திட்டம் எதுவும் கிடைக்கவில்லை. மேடம் ஓய்வு பெறும் வரை எலிக்கூடத்துக்கு வந்து சும்மா உட்கார்ந்துவிட்டுப் போவார்கள். அப்போதும் காலையில் விரலைக் குத்திக்கொள்வார்கள். பக்கத்தில் "நான்" மட்டும் இருக்கும்.

அவர்களுக்குச் சிறுநீரகம் போய்விட்டது, வாரத்துக்கு இருமுறை சேலத்துக்கு டயாலிசிஸ் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, போன சித்திரையில் ராசிபுரத்துக்குப் போனேன். நானும் ஓய்வு பெற்றுவிட்டிருந்தேன். அவர்களுக்குக் கண் பார்வையும் மங்கியிருந்தது. என் குரலைக் கேட்டுத்தான், "வாங்ண்ணா" என்றார்கள். உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன். அப்பாவை, காக்காயை, கதவோரக் கூண்டை, ஒன்றையும் விடாமல். திட்டுவார்கள் என்று தலையைக் குனிந்துகொண்டேன். திட்டியிருக்கலாம்.

"எந்தெந்த நாளுங்ண்ணா?" என்று கேட்டார்கள்.

"சோதன நாள்ல அமாவாச வந்தப்பல்லாமுங்க மேடம்."

தன் அண்ணன் மகளைக் கூப்பிட்டுப் பழைய நோட்டை எடுத்துவரச் சொன்னார்கள். அந்தப் பெண் ஒன்பது எலிகளின் தேதிகளையும் ஒவ்வொன்றாகப் படித்து, செல்போனில் பழைய காலண்டரைத் தேடி அமாவாசையா என்று பார்த்துச் சொன்னாள். ஏழு பொருந்தியது. இரண்டு பொருந்தவில்லை.

"இந்த ரெண்டு நாளும் நீங்க வெச்சீங்களா?"

யோசித்துப் பார்த்தேன். ஒன்று, வாழப்பாடியில் என் மகளுக்கு நிச்சயம் நடந்த நாள். நான் லீவு, அன்றைக்கு எலியைத் திறந்ததே மேடம்தான். இன்னொன்று புரட்டாசியில் ஒரு சாதாரண நாள். "இல்லீங்க மேடம். அமாவாச இல்லாம ஒரு நாளும் வெச்சதில்லீங்க."

நோட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்கள். பிறகு, "அப்ப இந்த ரெண்டும் நெசந்தான்" என்றார்கள். என்னிடம் சொன்னதாகத் தோன்றவில்லை.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அன்றைக்கு நான் வாயைத் திறந்திருந்தால் ஏழு எலிகளை மட்டும் கணக்கிலிருந்து அடித்துவிட்டு இரண்டைக் கையில் வைத்துக்கொண்டிருப்பார்கள். எத்தனையோ எலிகளில் இரண்டே இரண்டு. அது எவ்வளவு அரிதானது என்று தெரிந்திருந்தால் ஒரு மாதத்தில் கைவிட்டிருக்க மாட்டார்கள். அந்த இரண்டைப் போல இன்னொன்றை அவர்கள் தேடிக்கொண்டிருந்திருக்கலாம், இத்தனை வருஷமும்.

"அந்த ரெண்டு ஈரலும் குளிர்பெட்டியில இருக்குமுங்களே" என்றார்கள். முகத்தில் பழைய வெளிச்சம் வந்திருந்தது. அதைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்துச் சொன்னேன். அவர்கள் ஓய்வு பெற்ற பிறகு அதைக் காலி செய்யச் சொல்லி உத்தரவு வந்தது. எல்லாவற்றையும் மஞ்சள் பையில் கட்டி மருத்துவக் கழிவு வண்டியில் ஏற்றிவிட்டது நான்தான்.

மேடம் நோட்டின் அட்டையைக் கையால் தடவிக்கொண்டிருந்தார்கள். "எதுக்குங்ண்ணா இத்தன வருசம் சொல்லாம இருந்தீங்க?" என்று கேட்டார்கள். அதில் கோபம் இல்லை. எதையும் கேட்பது போல, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்கள். பதிலுக்குக் காத்திருக்கவும் செய்தார்கள். டயாலிசிஸுக்குப் போகும் வண்டி வந்துவிட்டது. ஆவணியில் அவர்கள் தவறிவிட்டார்கள். என்ன சொல்லியிருக்கலாம் என்று இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன், ஒன்றும் கிடைக்கவில்லை.