பிரித்தானியர் என்றது என்னையும்தான்

ஆசிரியருக்கும் இதை வாசிக்கப்போகிறவர்களுக்கும் முதலில் ஒன்று சொல்லவேண்டும். என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். சின்ன ர எங்கே வரும், பெரிய ற எங்கே வரும் என்பதில் இன்றைக்கும் எனக்குத் தடுமாற்றம். பிழைகளைத் திருத்திப் போடுங்கள். விஷயத்தைத் திருத்த வேண்டாம், அது நடந்தபடியே இருக்கட்டும்.

றொரன்ரோவில் பஸ்ஸில் ஏறும்போது சாரதிக்கு ஒருவரும் வணக்கம் சொல்வதில்லை. இறங்கும்போதுதான் 'தாங்க் யூ' என்கிறார்கள். பிரான்சில் இது மறுவளம். அங்கே ஏறும்போது 'பொன்சூர்' சொல்லாவிட்டால் சாரதியின் முகம் கறுத்துவிடும். பத்துப் பன்னிரண்டு வருடம் அப்படிப் பழகிய வாய், றொரன்ரோவில் நான் இப்போது இருக்கும் இந்த மல்வேர்னிலும் தானாகத் திறக்கிறது. போன கிழமை ஏறியபடியே 'பொன்சூர்' என்று சொல்லிவிட்டேன். சாரதி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஓம் அண்ணை, உள்ளுக்கை போங்கோ. கதவைப் பூட்டவேணும்" என்றார்.

பின்னால் நின்ற பெண்பிள்ளைகள் சிரித்தார்கள். கடைசி இருக்கை வரைக்கும் தலையைக் குனிந்துகொண்டு போனேன். அந்த பஸ்ஸில் இருந்த எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள். எனக்குப் போக ஒரு இடமும் இல்லை. நான் இங்கே விசிற்றர், வேலை செய்யக்கூடாது. அண்ணையின் வீட்டு பேஸ்மென்ற்றில் இருக்கிறேன். அங்கே ஒரு ஜன்னல்தான், அதுவும் நிலமட்டத்தில். பனி கொட்டினால் மூடிவிடும், பிறகு பகலா இரவா என்று அறிய மணிக்கூட்டைத்தான் பார்க்கவேண்டும். மேலே மச்சாள், அதாவது அண்ணையின் மனைவி, வீட்டிலிருந்தே கொம்பியூட்டரில் வேலை செய்கிறவ. அவவுக்கு இடைஞ்சல் இல்லாமல் காலையில் வெளிக்கிட்டு, பஸ்ஸின் கடைசித் தரிப்பு வரை போய், அதே பஸ்ஸில் திரும்பி வருவேன்.

இப்படி வந்து நிற்பது இது மூன்றாவது தடவை. இதற்குக் காரணம் ஒரு சொல்லை நான் பிழையாக விளங்கிக்கொண்டது.

எங்கள் ஆட்களின் வாயில் 'சிற்றிசன்' என்ற சொல் எப்படி வரும் என்று உங்களுக்குத் தெரியும். 'அவருக்கு சிற்றிசன் கிடைச்சிட்டுது' என்றால் அலைச்சல் முடிந்தது என்று அர்த்தம். எந்த நாட்டு சிற்றிசன் என்று ஒருவரும் கேட்பதில்லை. அம்மைக்கு ஊசி போட்ட மாதிரி, ஒருதரம் போட்டால் காணும். எனக்கு அது லண்டனில் கிடைத்தது. அகதியாகப் போய், ஒரு சாப்பாட்டுக் கடையின் குசினியில் கோப்பை கழுவி, பிறகு கறி சமைத்து, கனகாலம் காத்திருந்து எடுத்தேன். அந்தப் பாஸ்போட் கையில் வந்த அன்று இனி யாரும் என்னை எழும்பச் சொல்ல மாட்டார்கள் என்று நினைத்தேன்.

பிரான்சில் என் தங்கச்சி ரஞ்சி இருந்தாள். அவளுடைய மனுசன் செத்துப்போனார். பிள்ளைகள் இல்லை. அடுத்த வருடமே அவளுக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுதாகி, கிழமையில் மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குப் போய் மெஷினில் இரத்தம் சுத்தம் செய்யவேண்டி வந்தது. நான் கலியாணம் கட்டாதவன், தனிக்கட்டை. ஒரு பையோடு ரெயில் ஏறிப் போனேன். அந்த நேரம் லண்டன் பாஸ்போட் இருந்தால் பிரான்சில் இருக்கலாம், வேலை செய்யலாம், ஒருவரையும் கேட்கத் தேவையில்லை. பாரிசில் ஒரு தமிழ்க் கடையில் சமைத்தேன், மிச்ச நேரம் ரஞ்சியோடு. வீடு அவளுடைய பெயரில். சம்பளம் கையில்.

பிறகு இங்கிலாந்து ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுப் பிரிந்து போனது. கடைக் குசினியில் எந்நேரமும் தமிழ் ரேடியோ போகும். 'பிரான்சில் வாழும் பிரித்தானியர்கள் எல்லோரும் புதிய அட்டைக்கு விண்ணப்பிக்கவேண்டும்' என்று மாதக்கணக்காகச் சொன்னார்கள். நான் வெங்காயம் வெட்டிக்கொண்டு அதைக் கேட்டேன். பாவம் வெள்ளைக்காரர், வயதுபோன நேரத்தில் அலையப்போகுதுகள் என்றுகூடப் பக்கத்தில் நின்றவருக்குச் சொன்னேன். அவரும் லண்டன் சிற்றிசன்தான். அவரும் 'ஓம், பாவம்' என்றார். பிரித்தானியர் என்றது எங்கள் இரண்டு பேரையும்தான் என்று எங்களுக்கு உறைக்கவே இல்லை. லண்டன் சிற்றிசன் வேறு, பிரித்தானியர் வேறு என்றுதான் இருந்தோம்.

உறைத்தது லண்டனுக்கு ஒரு சாவீட்டுக்குப் போய்த் திரும்பும்போது. பிரெஞ்சுப் பொலிஸ்காரர் கார்ட் இருக்கிறதா என்று கேட்டார். நான் பாஸ்போட்டை இன்னும் கிட்டக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் அதில் ஒரு முத்திரை குத்தினார். அதுவரை எனக்கு யாரும் அங்கே முத்திரை குத்தியதில்லை. மரியாதை கூடிவிட்டது என்று நினைத்து 'மெர்சி' சொன்னேன். ஆறு மாதத்துக்குள் மூன்று மாதம்தான் பிரான்ஸ் பக்கம் நிற்கலாம் என்பதற்கான முத்திரை அது என்று பிறகுதான் ஒருவர் வாசித்துச் சொன்னார். அட்டைக்கான காலமும் முடிந்துவிட்டது.

ஒரு வக்கீலிடம் போனோம். மொழிபெயர்க்க ஒரு தம்பி வந்தார். இவ்வளவு காலமும் அங்கே இருந்ததற்கு அத்தாட்சியாகக் காட்ட என் பெயரில் வீடும் இல்லை, சம்பளச் சீட்டும் இல்லை. அப்படியென்றால் குடும்பத்தோடு இருக்கக் கேட்கலாமா என்று கேட்டேன். குடும்பம் யார் என்று வக்கீல் கேட்டார். தங்கச்சி என்றேன். அவர் சிரிக்கவில்லை, அலுக்கவும் இல்லை. மனைவி, பிள்ளை, தாய், தகப்பன் என்று விரலில் சொல்லிக்கொண்டு போய் நிறுத்தினார். சட்டத்தில் சகோதரம் குடும்பத்துக்குள் வராது என்று அந்தத் தம்பி மெதுவாகச் சொன்னார். ஒளித்து நின்று பிடிபட்டால் கொஞ்ச வருடத்துக்கு உள்ளே வரவே விடமாட்டார்கள் என்றும் சொன்னார். அதுதான் என்னைப் பயப்படுத்தியது. இப்போது எல்லையில் மெஷினே முகத்தையும் விரலையும் பார்த்துக் கணக்கு வைக்கிறது, அதோடு கதைத்துக் கெஞ்ச முடியாது. ரஞ்சியை லண்டனுக்குக் கூட்டிப்போகவும் வழியில்லை, அவளிடம் இருப்பது பிரெஞ்சுப் பாஸ்போட். லண்டனில் நான் இருக்கலாம், சட்டம் விடும். ஆனால் அங்கே தட்டுவதற்கு எனக்கு ஒரு கதவும் இல்லை. அதனால் மூன்று மாதம் பிரான்ஸ், மூன்று மாதம் அண்ணையின் பேஸ்மென்ற்.

மல்வேர்ன் பஸ் தரிப்பில் வயதான ஒரு வெள்ளைக்கார அம்மாவைக் காண்பேன். இங்கிலாந்தில் பிறந்தவ. ஒருநாள் ஸ்பெயினில் இருக்கும் தன் தமக்கையைப் பற்றிச் சொன்னா. வீடு வாங்கி வைத்திருக்கிறாவாம், இப்போது அங்கே தொடர்ந்து இருக்க முடியவில்லையாம், பிரித்தானியர் படும் பாடு ஒருவருக்கும் தெரியாதாம். என் கதையைச் சொல்ல ஒரு ஆள் கிடைத்துவிட்டது என்று நினைத்து, "மீ ஆல்சோ பிரிட்டிஷ்" என்றேன்.

"பிரிட்டிஷ் கொலம்பியாவோ?" என்று கேட்டா.

கூச்சத்தில் ஓமென்று தலையாட்டிவிட்டேன். அதற்குப் பிறகு காணும்போதெல்லாம் கனடாவின் அந்த மேற்குக்கரை மாகாணத்து மலைகளைப் பற்றி என்னிடம் கேட்கிறா. நல்ல மலைகள் என்று சொல்லிக்கொண்டு வருகிறேன்.

அண்ணைக்கு என் நிலைமை ஒரு பக்கம் கவலை, ஒரு பக்கம் பகிடி. "ஐம்பத்தைஞ்சு வயசிலை உனக்கு ஒரு பொம்பிளை பாக்கிறதுதான் மிச்சம். பிரெஞ்சு சிற்றிசன் உள்ளவளாப் பாப்பம். பேப்பருக்கு எண்டாலும் கட்டு" என்று சாப்பிடும்போது சொன்னார். அண்ணையின் மகள் போனிலிருந்து நிமிர்ந்து, "சித்தப்பா, ஓ மை கோட், டூ இற்!" என்றாள். மச்சாள்கூடச் சிரித்துவிட்டா. நான் சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொன்னால், அன்று படுக்கையில் அதையும் யோசித்துப் பார்த்தேன். முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் போய் அதைக் கேட்க எனக்கு வாய் வராது.

யோசிக்க வைத்தது ரஞ்சியின் நிலைமை. போன முறை நான் இங்கே நின்றபோது, ஆஸ்பத்திரியால் வந்த களைப்பில் குளியலறையில் விழுந்துவிட்டாள். பக்கத்து வீட்டு அல்ஜீரியா மனுசி கதவைத் தட்டும்வரை அப்படியே கிடந்தாள். அந்தச் செய்தி வந்தபோது நான் இங்கே சும்மா பஸ்ஸில் இருந்தேன்.

இன்று மத்தியானம் அவள் வீடியோவில் எடுத்தாள். அங்கே பின்னேரம். குரல் கொஞ்சம் உசாராக இருந்தது.

"சின்னண்ணை, கோவிக்கக்கூடாது. உங்கட அறையைக் குடுத்திட்டன்."

மன்னாரிலிருந்து படிக்க வந்த ஜெனி என்ற பிள்ளைக்காம். வாடகை வேண்டாம், வீட்டோடு நின்றால் காணும் என்று சொல்லிவிட்டாளாம். என் உடுப்புகளை மடித்துக் கட்டிலுக்குக் கீழே வைத்திருக்கிறாளாம். நல்லது என்று சொன்னேன். நல்லதுதானே. பிறகும் அவள் நிறுத்தவில்லை.

"நீங்கள் வந்த அண்டைக்கே நான் நீங்கள் போற நாளை நினைக்கத் தொடங்கிறன். மூண்டு மாதமும் அதே நினைப்பு. என்னாலை ஏலாது அண்ணை. இஞ்சை ஒரு ஆள் போகாமல் நிக்கவேணும்."

"அப்ப நான்?" என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது.

"நீங்கள் வாங்கோ. ஹோலுக்கை படுக்கலாம். எல்லாரும் வந்து போற மாதிரி வந்திட்டுப் போங்கோ" என்றாள்.

அதோடு அவள் போனை அந்தப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டாள். சிறுநீரக வருத்தக்காரர் உருளைக்கிழங்கைச் சும்மா சமைத்துச் சாப்பிடக்கூடாது. சின்னனாக வெட்டி, நிறையத் தண்ணீரில் ஊறவிட்டு, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு, புதுத் தண்ணீரில் அவிக்கவேண்டும். ஜெனிக்கு அதை ரஞ்சி சொல்லியிருக்கிறாள்.

"ஊறவைக்கிற சட்டி எங்கை எண்டு அன்ரிக்குத் தெரியாதாம் அங்கிள். நீங்கள்தான் எடுத்து வைக்கிறனீங்களாம்."

நான் கண்ணை மூடினேன். "பிரிட்ஜைப் பார்த்தபடி நில்லுங்கோ பிள்ளை. வலக்கைப் பக்கம் மேல் கதவு. அது இறுகும், கொஞ்சம் தூக்கித் திறவுங்கோ. முன்னுக்குச் சீனி ரின் நிக்கும், அதை விலத்துங்கோ. பின்னாலை நீலச் சட்டி."

ரின் நகரும் சத்தம் கேட்டது.

"கண்டிட்டன் அங்கிள்" என்றாள்.

கண்ணைத் திறந்தபோது என் வலது கை தலைக்கு மேலே தூக்கியபடி நின்றது. அது பேஸ்மென்ற் கூரையில் ஓடும் சுடுதண்ணீர்க் குழாயைப் பிடித்திருந்தது. சுட்டது. ஆனாலும் சட்டியில் தண்ணீர் நிறையும் சத்தம் போனில் முடியும்வரை கையை எடுக்கவில்லை.

மல்வேர்ன், தை மாதம் பதினெட்டாந் திகதி, ஞாயிற்றுக்கிழமை.